மோட்டார் மோகம் குடும்பச் சொத்தா?

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பழமொழி. நல்லதற்கும் இதைச் சொல்வார்கள், பொல்லாததற்கும் சொல்வார்கள். தெருவில் மோட்டார் ஓசை கேட்ட மாத்திரத்தில் சோற்றுத் தட்டை விட்டு வாசலுக்கு ஓடும் சிறுவனைக் கண்டால், "அப்பன் லாரி ஓட்டுகிறான், பாட்டன் பஸ் ஓட்டினான், இவன் வேறு எப்படி இருப்பான்?" என்று அண்டை வீட்டார் தீர்ப்புக் கூறிவிடுவார்கள். வண்டியின் மீது கொள்ளும் ஆசை இரத்தத்தோடு வருவது என்பது அவர்கள் எண்ணம். அது எவ்வளவு தூரம் மெய் என்று சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

ஆராய்ச்சிக்கு ஓர் இடம் வேண்டுமல்லவா? பெங்களூரிலுள்ள ஸ்ரீராம்புரத்தை எடுத்துக்கொள்வோம். நகரின் பெரிய ரயில் நிலையத்துக்கும் ராஜாஜி நகருக்கும் மல்லேசுவரத்துக்கும் இடையே நெருங்கி அமைந்த பகுதி அது. தமிழ்நாட்டின் மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து வருகின்றன. ஒரு காலத்தில் சுற்றுப்புறத்து நெசவாலைகளின் சங்கு ஊதும் நேரத்தைக் கொண்டே அங்கு அடுப்பு மூட்டினார்கள். பிற்காலத்தில் ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மல்லேசுவரத்தில் ராஜா மில் இருந்த நிலத்தில் இன்று ஒரு பேரங்காடி நிற்கிறது. 2014-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீராம்புரத்தின் தலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடுகிறது. பீண்யா தொழிற்பேட்டைக்கு அது சிறிது நேரத்தில் கொண்டு சேர்க்கிறது.

நூலைக் கையாண்ட அக்குடும்பங்களின் பிள்ளைகளில் ஆட்டோ ஓட்டுநராகவும், லாரிச் சாரதியாகவும், பட்டறையில் பழுது பார்ப்பவராகவும் ஆனவர்கள் உண்டு. பழமொழி அப்படியே பலிப்பதானால் நெசவாளி வீட்டில் நெசவின் மீது ஆசை கொண்ட பிள்ளைகளே பிறந்திருக்க வேண்டும். மோட்டார் ஆசை அங்கே எங்கிருந்து வந்தது? வந்த ஆசை அடுத்த தலைமுறைக்குச் செல்லுமா? செல்ல வேண்டுமா? இக்கேள்விகள் வெறும் பொழுதுபோக்குக்கு உரியவை அல்ல. ஸ்டியரிங்கைப் பிடித்துக் குடும்பத்தைக் காத்த தகப்பன் ஒருவன், தன் மகன் வண்டியின் மீது கண் வைப்பதைக் கண்டு மகிழ்வதா, கவலைப்படுவதா என்று தெரியாமல் திகைக்கிறான். "எல்லாம் பிறவிக் குணம்" என்று நம்பினால் அவன் செய்வதற்கு ஒன்றுமில்லை. அப்படி அல்லவென்றால் அவன் செய்ய வேண்டியது நிரம்ப உண்டு.

முதலில் காலக் கணக்கைப் பார்ப்போம். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தமது மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரியது 1886-ஆம் ஆண்டில். இன்றைக்கு ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள். மனித இனத்தின் வயதோடு ஒப்பிட்டால் இது ஒரு கண்ணிமைப்பு. ஐந்து அல்லது ஆறு தலைமுறைகளுக்குள் ஒரு புதிய பொருளின் மீதான ஆசை மனிதனுடைய மரபணுவில் பதிந்துவிடும் என்று கருத இடமில்லை. நம் கொள்ளுப்பாட்டனார் பெரும்பாலும் மோட்டார் வண்டியைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார். அவர் காணாத ஒன்றின் மீது கொண்ட ஆசையை அவரிடமிருந்து நாம் பெற்றிருக்க முடியாது.

அப்படியானால் இரத்தத்துக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. ஆனால் அது வேறு விதமான பங்கு. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரையும், ஒன்றாகப் பிறந்தும் தனித்தனிக் கருக்களிலிருந்து வளர்ந்த இரட்டையரையும் ஒப்பிட்டு அறிஞர்கள் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். மனிதருக்கு மனிதர் மனப்பாங்கில் காணும் வேறுபாடுகளில் ஏறத்தாழப் பாதியளவு பிறவியோடு தொடர்புடையது என்பது அவ்வாராய்ச்சிகள் பொதுவாகக் காட்டும் முடிவு. புதுமையை நாடும் குணம், துணிச்சல், ஒரு வேலையில் ஊன்றி நிற்கும் பொறுமை ஆகியவை அத்தகைய மனப்பாங்குகள். வேகத்தைக் கண்டு அஞ்சாத நெஞ்சு தந்தையிடமிருந்து மகனுக்கு வரலாம். அந்த நெஞ்சு எதை நாடும் என்பதை மரபணு எழுதி வைப்பதில்லை. அதே துணிச்சலுள்ளவன் கடலோரத்தில் பிறந்தால் கட்டுமரம் ஏறுவான். வாடிவாசல் உள்ள ஊரில் பிறந்தால் காளையின் திமிலைப் பிடிப்பான். லாரி நிற்கும் தெருவில் பிறந்தால் லாரியின் மீது ஏறுவான்.

அவ்வாராய்ச்சிகள் இன்னொன்றையும் காட்டுகின்றன. ஒரே வீட்டில் வளர்வதால் மட்டும் பிள்ளைகள் ஒரே குணமுடையவர்களாகி விடுவதில்லை. அண்ணன் எஞ்சினுக்கு அடியில் படுத்துக் கிடக்க, தம்பி அந்தப் பக்கமே எட்டிப் பாராமல் புத்தகத்தோடு இருப்பதை நாம் காண்கிறோம். வீடு வாய்ப்பைத் தரலாம். எல்லாப் பிள்ளைகளும் அதை ஒன்றுபோல் எடுத்துக்கொள்வார்கள் என்பதில்லை.

இனி நம்மவர் வாழ்க்கையிலிருந்து சில சான்றுகளைப் பார்ப்போம். கோயம்புத்தூருக்கு அருகில் கலங்கல் என்ற சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. பள்ளிப்படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. அவர் தந்தை வீட்டில் ஏரும் எருதும் இருந்தன, எஞ்சின் இல்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டதே அவருடைய ஆசைக்கு வித்து என்று அவர் வரலாறு கூறுகிறது. உணவு விடுதியில் வேலை செய்து காசு சேர்த்து அத்தகைய வண்டியொன்றை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. பிரித்துப் போட்டுப் பார்த்தார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார். அது யு.எம்.எஸ். என்ற பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1974-இல் அவர் மறைந்தார். அவர் குடும்பத்தார் திரட்டிக் காத்த பழைய கார்கள், 2015 முதல் கோவை அவிநாசி சாலையில் ஒரு கார் அருங்காட்சியகமாகப் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கின்றன.

இந்த வரலாற்றில் நமக்குப் பாடம் இரண்டு உண்டு. ஆசையின் முதல் விதை குடும்பத்துக்கு வெளியே, தெருவில், அயலான் ஒருவன் வண்டியிலிருந்து விழுந்தது. பிறகு வந்த தலைமுறை அதை வீட்டுக்குள்ளேயே பெற்றது. பிள்ளைகள் விளையாடிய கூடத்திலேயே கருவிகள் கிடந்திருக்கும். சாப்பாட்டு வேளையிலும் இயந்திரத்தைப் பற்றிய பேச்சு நடந்திருக்கும். ஒவ்வொரு பரம்பரைக்கும் பரம்பரை இல்லாத ஒரு முதல் மனிதர் உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

மற்றொரு சான்று டி.வி. சுந்தரம் ஐயங்கார். 1877-இல் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த திருக்குறுங்குடியில் பிறந்தவர். வழக்கறிஞராகத் தொடங்கி, ரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றிப் பின்னர் அவற்றை விட்டு, 1911-ஆம் ஆண்டில் மதுரையைக் களமாகக் கொண்டு தம் பெயரில் மோட்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முழுப் பெயரிலேயே "புதல்வர்கள்" என்ற சொல்லும் சேர்ந்திருந்தது. பெயருக்கேற்பப் புதல்வர்கள் தொழிலை வளர்த்தார்கள். பேரர்கள் காலத்தில் அது மேலும் பல கிளைகளாகப் பிரிந்தது. 1980-இல் பெங்களூருக்கு அண்மையிலுள்ள ஓசூரிலிருந்து டி.வி.எஸ்.-50 என்ற சிறு மொபெட் வெளிவந்தது. பால்காரர் முதல் பள்ளி ஆசிரியர் வரை எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் மோட்டார் வண்டி அதுவாகவே இருந்தது.

அதே ஐயங்காரின் மகள் சௌந்தரம் அம்மையார். 1904-இல் பிறந்த அவர், முதற்கணவரை இளமையிலேயே இழந்தார். பின்னர் தில்லியில் மருத்துவம் பயின்று டாக்டரானார். காந்தியடிகளின் வழியில் நின்று, கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து 1947-இல் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார். 1962 முதல் 1967 வரை மத்திய அரசில் கல்வித் துறைத் துணை அமைச்சராகவும் விளங்கினார். ஒரே இரத்தம், ஒரே வீடு. ஒரு கூட்டத்தின் கைகள் எஞ்சினை நாடின; ஒரு கை நோயாளியின் நாடியைப் பிடித்தது. தந்தையிடமிருந்த ஊக்கமும் விடாமுயற்சியும் மகளுக்கும் வந்தன என்று நாம் கொள்ளலாம். ஆனால் அந்த ஊக்கம் மோட்டாரின் பக்கம் திரும்பவில்லை. அக்காலத்தில் பெண்ணை அந்தப் பக்கம் திருப்புவார் யாருமில்லை என்பதும் உண்மை.

இனிப் பந்தயக்களத்துக்கு வருவோம். "இரத்தத்தில் ஓடுகிறது" என்ற பேச்சு மிகுதியாகக் கேட்பது அங்கேதான். உலகின் மிகப் பெரிய கார்ப் பந்தயமான ஃபார்முலா-1இல் முதன்முதல் பங்குகொண்ட இந்தியர் தமிழ்நாட்டைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். 2005-ஆம் ஆண்டு ஜோர்டான் அணிக்காக அவர் ஓட்டினார். அவ்வாண்டு அமெரிக்கப் பந்தயத்தில், பல அணிகள் விலகிக்கொண்டதால் ஆறே வண்டிகள் ஓடின. அதில் அவர் நான்காவதாக வந்தார். அவர் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன், தென்னிந்திய ரேலிப் பந்தயத்தில் பன்முறை வென்றவர். இரண்டாவது இந்தியர் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக். 2010-இல் களம் புகுந்தார். அவர் தந்தை விக்கி சந்தோக்கும் பந்தய வீரர். பாட்டனார் இந்து சந்தோக், 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் விளையாட்டு மன்றத்தின் நிறுவனர்களில் ஒருவர்.

இந்தியா ஃபார்முலா-1க்கு அனுப்பிய இருவரும் பந்தய வீரர்களின் பிள்ளைகள் என்றால், இரத்தம் வென்றுவிட்டது என்று தோன்றும். சற்றுப் பொறுத்து, பந்தய வீரன் ஒருவனுக்கு என்னென்ன தேவை என்று எண்ணிப் பார்ப்போம். ஏழெட்டு வயதிலேயே கார்ட் என்னும் சிறு பந்தய வண்டியில் பழக வேண்டும். அதற்கு வண்டி வேண்டும்; தளம் வேண்டும்; டயருக்கும் பெட்ரோலுக்கும் ஓயாமல் பணம் வேண்டும். யாரிடம் போய்க் கேட்பது, எந்தப் போட்டியில் சேர்வது என்று அறிந்த பெரியவர் ஒருவர் வேண்டும். சென்னைக்கருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களில், வேலிக்கு வெளியே நின்று பார்த்த சிறுவர் பலர். வேலிக்கு உள்ளே, கழற்றிய சக்கரத்தின் பக்கத்தில் நின்று பார்க்க வாய்த்தவர்கள் சிலரே. அந்தச் சிலர் பெரும்பாலும் அங்கு வேலை செய்தவர்களின் பிள்ளைகளும் ஓட்டியவர்களின் பிள்ளைகளுமாகவே இருந்திருப்பார்கள். வேலிக்கு உள்ளே நிற்கும் அந்த உரிமையே அவர்கள் பெற்ற பரம்பரைச் சொத்து.

உலக அளவிலும் இதைக் காணலாம். ஃபார்முலா-1 உலகப் பட்டம் 1950 முதல் வழங்கப்படுகிறது. அதை வென்றவர்கள் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள். அவர்களுள் தந்தையும் மகனும் வென்றது இரண்டு குடும்பங்களில் மட்டுமே. கிரஹாம் ஹில் 1962-லும் 1968-லும் வென்றார். மகன் டேமன் 1996-இல் வென்றார். கேக்கே ரோஸ்பெர்க் 1982-லும் மகன் நிக்கோ 2016-லும் வென்றார்கள். ஏழு முறை வென்ற மைக்கேல் ஷூமாக்கரின் தந்தை கொத்தனார். அவர் ஊரிலிருந்த கார்ட் தளத்தையும் கவனித்துக்கொண்டார். மகன் அத்தளத்திலேயே வளர்ந்தான். இரத்தத்தில் செங்கல் இருந்தது, வாசலில் தளம் இருந்தது, வாசலே வென்றது.

இந்த வரிசையில் பிறமாநிலத்தில் வாழும் நமக்கு மிக நெருக்கமானவர் ஒருவர் உண்டு. ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற ஹுவான் மனுவேல் ஃபாங்கியோ என்ற அர்ஜென்டினா வீரர். அவர் பெற்றோர் இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடிக் குடியேறியவர்கள். பணக்காரர்கள் அல்லர். சிறு வயதிலேயே அவர் ஊர்ப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து எஞ்சினைக் கற்றார். அந்தப் பட்டறைச் சிறுவன் 1951-இல் முதன்முறை உலகப் பட்டம் பெற்றபோது நாற்பது வயதைத் தொட்டிருந்தார். குடிபெயர்ந்தவனின் பிள்ளைக்குப் பாட்டன் விட்டுச்சென்ற நிலம் இல்லை. ஊரில் செல்வாக்கு இல்லை. கையில் ஏறிய தொழில் மட்டும் எந்த எல்லையைக் கடந்தாலும் கூடவே வரும். ஸ்ரீராம்புரத்துப் பட்டறைக்காரருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

நம் திரையுலகில் புகழ்பெற்ற அஜித் குமாருக்கும் பந்தயக் குடும்பம் இல்லை. இளமையில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் பயிற்சி பெற்றவர். நடிகரான பின்பும் பந்தயத்தை விடவில்லை. 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் பெயரால் அமைந்த அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. ஆசை வந்த பிறகு வசதி வந்தது. வசதி வந்த பிறகும் ஆசை நீங்கவில்லை.

ஆக, ஒரு வீடு மோட்டார் ஆசையைப் பிள்ளைக்கு எவ்வாறு கொடுக்கிறது? மூன்று வழிகளைச் சொல்லலாம். முதலாவது செவி. நான்கு சிலிண்டரில் ஒன்று சரியாக எரியாவிட்டால் எஞ்சின் நடை தடுமாறும். பட்டறைக்காரர்கள் அதை "மிஸ்ஸிங்" என்பார்கள். அதைப் புத்தகத்தில் படித்தறிய ஒரு மாதம் ஆகலாம். நாள்தோறும் அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஒரு கணம் போதும். தாய்மொழியைக் கற்பது போல, கற்கிறோம் என்று அறியாமலே அது கற்றுவிடுகிறது.

இரண்டாவது கை. "பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடு" என்று வண்டிக்கடியிலிருந்து தகப்பன் கையை நீட்டுகிறார். பிள்ளை பன்னிரண்டை எடுத்துக் கொடுக்கிறது, திரும்பி வருகிறது, அடுத்த முறை சரியாக எடுக்கிறது. போல்ட்டை எவ்வளவு முறுக்கினால் போதும், எவ்வளவு முறுக்கினால் மரை தேய்ந்துவிடும் என்பதை மணிக்கட்டு கற்றுக்கொள்கிறது. மூன்றாவது காலம். வேலை செய்யும் தகப்பன் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்திருக்கும் நேரம் அது. மோட்டாரின் மீது கொண்ட ஆசை என்று பின்னாளில் நாம் எண்ணுவதில் ஒரு பகுதி, அந்த நேரத்தில் தகப்பனோடு இருந்த மகிழ்ச்சியே. எண்ணெய் வாடை வந்தால் தகப்பன் நினைவு வருகிறது என்று சொல்பவர்களை நாம் எல்லோரும் அறிவோம். இரத்தம் என்று நாம் பெயரிட்டு அழைப்பது பெரும்பாலும் இந்தப் பழக்கத்தைத்தான்.

இவ்வளவும் பழக்கத்தால் வருவதானால், அதைப் பையன்களுக்கு மட்டும் கொடுப்பானேன்? பழமொழி தாயைப் பற்றித்தான் பேசுகிறது. நாமோ தந்தையையும் மகனையும் பற்றியே பேசி வந்தோம். உலகின் முதல் நெடுந்தூர மோட்டார்ப் பிரயாணத்தைச் செய்தவர் ஒரு தாய். கார்ல் பென்ஸின் மனைவி பெர்தா பென்ஸ், 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமலே, யூகன், ரிச்சர்டு என்னும் தம் இரு புதல்வர்களையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து 100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தம் பிறந்தகமான ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு வண்டியை ஓட்டிச் சென்றார். வழியில் எரிபொருளுக்காக வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையை நாடினார். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தம் தொப்பி ஊசியால் சுத்தம் செய்தார். வண்டி ஓடும் என்று உலகுக்குக் காட்டியது அந்தப் பயணம்.

நம் காலத்தில் சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா, மோட்டார் சைக்கிள் பந்தய வீரரான தந்தை ஆர்.ஏ. அப்துல்லாவிடமிருந்து ஆர்வம் பெற்று, மோட்டார் சைக்கிளிலும் காரிலும் ஆண்களோடு போட்டியிட்டுப் பெயர் பெற்றார். அந்த வீட்டில் ஸ்பேனர் மகள் கைக்கும் சென்றது, அவ்வளவே வேறுபாடு. நம் வீடுகளில் வண்டிக்கடியிலிருந்து நீளும் கை, பக்கத்தில் நிற்கும் மகளை விட்டுவிட்டு, தெருவில் விளையாடும் மகனைக் கூப்பிடுகிறது. பிறகு, பெண்களுக்கு இயந்திர ஞானம் இரத்தத்தில் இல்லை என்று சொல்லிக்கொள்கிறோம்.

கொடுப்பதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மோட்டாரின் மீது பிரியம் ஊட்டுவது வேறு. பருவம் வருமுன் சாவியைக் கொடுப்பது வேறு. நம் நாட்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் கார் ஓட்டக் கூடாது. லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கு 20 வயது நிரம்ப வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு நீக்கப்படும். "என் பையன் பத்து வயதிலேயே ஓட்டுவான்" என்று பெருமை பேசுபவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். துணிச்சல் பிறவியோடு வரலாம். நிதானத்தை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கற்றாக வேண்டும். பிள்ளைக்கு முதலில் கற்பிக்க வேண்டியது பிரேக்கைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம்.

இனி, திகைத்து நிற்கும் அந்தத் தகப்பனிடம் வருவோம். "நான் பட்டது போதும், என் பிள்ளை இந்தக் கரியில் கை வைக்க வேண்டாம்" என்று அவர் சொன்னால் அதில் நியாயம் உண்டு. இரவெல்லாம் விழித்து வண்டி ஓட்டி, முதுகு வலியையும் கடனையும் சேர்த்துக்கொண்ட அனுபவம் பேசுகிறது. ஆனால் துன்பம் தந்தது ஓட்டத்தின் நிலைமைகளே ஒழிய, எஞ்சினைப் பற்றிய அறிவு அல்ல. அந்தத் துன்பத்தைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியதில்லை, அறிவைக் கொடுக்கலாம். பட்டறையில் பெற்ற கைப்பழக்கத்தோடு பள்ளிப்படிப்பும் சேருமானால் வழிகள் பல உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் பயிற்சி இரண்டாண்டுகள். 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் ஆலைகளில் உதவித்தொகையோடு பயிற்சி பெறலாம். பெங்களூரில் மைக்கோ என்ற பெயரில் வளர்ந்த நிறுவனம், இன்று பாஷ் என்ற பெயரில் மோட்டார் உறுப்புகளைச் செய்து வருகிறது. அத்தகைய ஆலைகளுக்கு, படித்த மூளையும் பழகிய கையும் ஒருங்கே உடையவர்கள் எப்போதும் தேவை.

மோட்டாரும் மாறி வருகிறது. 2001-ஆம் ஆண்டில் பெங்களூரிலேயே ரேவா என்ற மின்சாரக் கார் பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையான சேத்தன் மைனியின் தந்தை சுதர்சன் மைனி, துல்லியமான இயந்திர உறுப்புகள் செய்யும் தொழிலை அந்நகரில் நடத்தியவர். தந்தை செய்தது உலோக வேலை. மகன் நாடியது மின்கலம். தந்தையின் பட்டறையை அப்படியே பெற்றுக்கொள்ளாமல், செய்து பார்க்கும் துணிவைப் பெற்று, அதை வேறு பொருளின் மீது செலுத்தினார். மின்சார வண்டியில் கார்புரேட்டர் இல்லை. ஸ்பார்க் பிளக் இல்லை. "மிஸ்ஸிங்" ஓசை கேட்க வழியே இல்லை. ஸ்ரீராம்புரத்துத் தகப்பன் தன் செவியில் சேர்த்து வைத்த அறிவில் ஒரு பகுதி, மகன் காலத்தில் பயன்படாமல் போகலாம். ஓசை ஏன் மாறியது, கோளாறு எங்கே, எதை முதலில் சோதிப்பது என்று படிப்படியாக எண்ணும் வழக்கம் மட்டும் எந்த வண்டிக்கும் பொருந்தும். பிள்ளைக்கு விட்டுச்செல்லத் தக்கது அதுவே.

தொடக்கத்தில் கூறிய பழமொழிக்கு இப்போது விடை சொல்லலாம். நூலைப் போலச் சேலை என்பது மெய்யே. ஆயினும் நூல் தானாகச் சேலை ஆவதில்லை என்பதை நெசவாலைத் தொழிலாளியை விட நன்கு அறிந்தவர் யார்? அதற்குத் தறி வேண்டும். தறியில் அமர்ந்து பொறுமையாக நெய்பவர் வேண்டும். பிறவி தருவது நூலை. வீடும் தெருவும் பட்டறையும் பள்ளியும் தறி. மோட்டார் மோகம் குடும்பத்தில் ஓடுகிறது என்றால், யாரோ ஒருவர் அதைக் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்பதே பொருள். அவர் தகப்பனாக இருக்கலாம், தாயாக இருக்கலாம், இரத்த உறவு சிறிதும் இல்லாத பட்டறை மேஸ்திரியாகவும் இருக்கலாம். வண்டி நிற்கும் இடத்தில் ஆவலோடு எட்டிப் பார்க்கும் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளையானாலும், விரட்டாமல் பக்கத்தில் உட்கார வைத்து, கேட்ட கேள்விக்கு விடை சொல்வோமானால், அடுத்த பரம்பரையின் முதல் மனிதர் அங்கிருந்தே புறப்படக்கூடும்.